மரத்தின் மேல் போட்ட பழி

வக்கீலம்மா தன் கறுப்புக் கோட்டை என் தையல் மெஷின் மேல் விரித்துப் போட்டு, "இதைக் கொஞ்சம் வெளிய கொண்டுவந்து பாருங்க" என்றார். வெளியே என்றால் வாசற்படி அல்ல. கேட்டைத் தாண்டி, மரத்தின் நிழல் முடிகிற இடத்துக்குப் போக வேண்டும். கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு கையின் ஓரத்தைச் சுற்றியும் சிவப்பாக ஒரு வரி ஓடியது. கறுப்பு நூல் என்று நினைத்து அரக்கு நூலைப் போட்டுத் தைத்திருக்கிறேன். தையல் என்னவோ நேர்த்தியான தையல்தான். அதனாலேயே பளிச்சென்று கண்ணில் குத்தியது.

"ஜட்ஜ் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தார். ஆஹா, இன்னைக்கு நல்லா வாதாடறோம் போலன்னு நெனச்சேன்" என்றார் வக்கீலம்மா. நல்ல வேளை, சிரிக்கத் தெரிந்தவர்.

"மரம்மா" என்றேன். "இந்த மரத்தால வந்த வினை. இலையெல்லாம் சன்னல்ல வந்து அப்பிக்கிச்சு. உள்ள வர்ற வெளிச்சமே பச்சையா வருது. பச்சையில அரக்கு கறுப்பாத்தான் தெரியும். நீங்களே வந்து பாருங்களேன்."

உள்ளே வந்து பார்த்தார். அரக்கு நூல்கண்டு கறுப்பாகத்தான் தெரிந்தது. "அப்ப மரத்து மேலதான் கேஸ் போடணும்" என்று சொல்லி, கோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். எனக்கு மூச்சு வந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொன்னது பொய்கூட இல்லை. பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் காலத்தை ஓட்டிவந்தேன்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கடை. சன்னலை ஒட்டி மெஷின், எதிர்ச் சுவரில் நூல்கண்டுப் பலகை, நடுவில் துணி வெட்டும் மேசை, மூலையில் ஆளுயரக் கண்ணாடி. சன்னலுக்கு நேர் வெளியே மரம். நாங்கள் குடிவந்த புதிதில் அதன் கிளைகளுக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். மரம் என்றால் மேலே வளரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இது கீழேயும் வளர்ந்தது. அடிக்கிளைகள் வருஷத்துக்கு வருஷம் கனத்து இறங்கி முதலில் கேட்டைத் தொட்டன, பிறகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டன. தபால்காரர் குனிந்துதான் உள்ளே வருவார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படி வடிகட்டி வருகிற வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். அதை ஏன் மறைக்க வேண்டும்? மத்தியானத்தில் அறை முழுக்கப் பச்சை நிற்கும். வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்காது. என் கை என்னுடையதாக இருக்காது. காற்று வந்தால் சுவர் அசையும், மேசை அசையும், தரையில் கிடக்கும் துண்டுத் துணிகள் எழுந்து எங்கோ புறப்படப் பார்க்கும். மெஷினை மிதித்துக்கொண்டே தூங்கிப்போவேன். கனவிலும் இதே அறைதான் வரும், இதே பச்சை, மடியில் இதே துணி. விழித்துவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் ஊசியால் விரலில் லேசாகக் குத்திப் பார்த்துக்கொண்டதும் உண்டு.

ஒருமுறை ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்தேன். சாக்பீஸால் நேராகக் கோடு போட்டேன். பிறகு அந்தக் கோட்டை விட்டுவிட்டு, துணி மேல் விழுந்திருந்த கிளை நிழலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டே போய்விட்டேன். எடுத்து உதறிப் பார்த்தால் தையல் காற்றடித்த பக்கமெல்லாம் போயிருக்கிறது. உலகத்தில் எந்தத் தையற்காரியும் செய்யாத காரியம். பிரிக்க மனம் வரவில்லை. அதை நானே வைத்துக்கொண்டு, கேட்டு வந்தவளுக்கு வேறொன்று தைத்துக் கொடுத்தேன்.

மற்ற பாதி உண்மை இது. கொஞ்ச காலமாக எனக்கு ஊசிக் காது தெரியவில்லை. வெளிச்சம் போதாமல் மங்கலாகத் தெரிவது வேறு, இது வேறு. எதை நேராகப் பார்க்கிறேனோ அந்த இடம் மட்டும் அழிந்துபோயிருக்கும். சுற்றிலும் எல்லாம் சரியாக இருக்கும். எழுதின சிலேட்டில் நடுவில் மட்டும் யாரோ எச்சில் விரலால் தேய்த்துவிட்ட மாதிரி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மரம் என்றேன். காலையிலும் மரம், மாலையிலும் மரம், மழை நாளில் மேகமும் மரமும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். என் அம்மாவும் தையற்காரி. அம்மாவின் கண் போன பிறகு நாங்கள் பக்கத்தில் போனால், எங்கள் முகத்தைத் தடவ மாட்டாள், சட்டை ஓரத்தைத் தடவுவாள். "இது கை நடுங்காம மடிச்ச ஓரம். பெரியவ வந்திருக்கா" என்பாள். கேட்கிறவர்களுக்கு அது அழகாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போகும் அம்மாவின் பின்னால் நான் நடந்திருக்கிறேன். அந்த நடை எனக்கு வந்துவிடக் கூடாது. மெஷினை மூடிவிட்டால் அப்புறம் நான் எதற்கு? மரம் நிற்கிற வரைக்கும் என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க மூன்று கண்ணாடிகளில் பின்னாலும் பக்கத்திலும் பார்த்துப் பழகியவரை ஏமாற்றுவது கஷ்டம். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒரு கொத்து ஊசிகளில் நூல் கோத்து, ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிட்டுப் போவார். நான் கேட்டதில்லை, அவராகச் செய்வார். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதும் இல்லை. ஒரே ஒரு தடவைதான், நான் மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு வாரம் அவர் என்ன கேட்டாலும் என் பதில் "ம்" மட்டும்தான்.

அவரும் சும்மா இருக்கவில்லை. கிளை வெட்டும் ஆளை இரண்டு தடவை அழைத்துவந்தார். முதல் தடவை, கிளையில் குருவிக்கூடு இருக்கிறது என்றேன். மரக்காரர் ஏணி போட்டு ஏறி, எங்கிருந்தோ பறந்துவந்து மாட்டிக்கொண்ட ஒரு பழைய பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார்.

"குருவி காலி பண்ணிட்டுப் போயிடுச்சு போல" என்றேன். "திரும்பி வந்தா தேடாதா?"

மரக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை காற்று பலமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

வக்கீலம்மாவின் கோட்டைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கோட்டின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"இங்க பாரு. நீ மரம்ங்கற. சரி, மரமாவே இருக்கட்டும். அடிக்கிளையெல்லாம் எடுத்துடலாம். வெளிச்சம் வரட்டும். அதுக்கப்புறம் உன் கையால நீயே ஊசி கோத்துட்டா, நான் இந்த ஜென்மத்துல கண்ணப் பத்திப் பேச மாட்டேன். கோக்க முடியலேன்னா மறுநாளே கண் டாக்டர். சரியா?"

"நீங்க பேசாம இருப்பீங்களாக்கும்."

"சரியான்னு கேட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அரக்கு நூல் மேசை மேலேயே கிடந்தது.

என் வீட்டுக்காரருக்கு லீவு நாள் பார்த்து மரக்காரர் காலையில் வந்தார், கூடவே மனைவியும். அவர் ஒல்லி. அவள் நல்ல ஆகிருதி, கைகளில் கயிறு அறுத்த தழும்புகள். அவர் மேலே வெட்டுவார், அவள் கீழே கயிற்றைப் பிடிப்பாள். அவர்கள் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்துவிட்டது. கிளையில் கயிற்றைக் கட்டி, அதை மேல் கவட்டில் போட்டு, மறுமுனையை அவளிடம் விடுகிறார். இலை மறைப்பதால் மேலிருந்து அவருக்குத் தரை தெரியாது. அதனால் ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் "என்ன இருக்கு?" என்று கேட்பார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, வெட்டு" என்பாள். அவள் சொல்லாமல் ரம்பம் அசையாது.

"இவரு கேட்டுக்கிட்டே இருப்பாருக்கா" என்று சன்னல் வழியாக என்னிடம் சொன்னாள். "வீட்டுலயும் இப்படித்தான். குழம்புல உப்பு இருக்கான்னு என்னக் கேட்டுட்டுத்தான் சாப்பிடவே ஆரம்பிப்பாரு."

"மூணுல ஒரு பங்குதாம்மா எடுப்பேன்" என்று மேலே இலைக்குள்ளிருந்து மரக்காரரின் குரல் வந்தது. "அதுக்கு மேல கேட்டீங்கன்னா மரம் தாங்காது."

"நான் எங்கே கேட்டேன்?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்த சத்தம் கேட்டது.

நான் வெளியே போகவில்லை. மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டைத் தொட்ட கிளை முதலில் போனது. அடியில் கொஞ்சம் அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்தார். பட்டை கிழியாமல் இருக்க அப்படித்தான் செய்வார்களாம். சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெரிய கிளை, ஓர் அவசரமும் இல்லாமல், சன்னலின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குக் காற்றில் நகர்ந்து போனது. அத்தனை இலையும் கூடவே போயின. தரையில் இறங்கியபோது பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அறைக்குள் என் காலடியில் கைக்குட்டை அளவுக்கு வெயில் வந்து விழுந்தது. காலை இழுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. ரம்பம் பாடும், நிற்கும், "என்ன இருக்கு?", "ஒண்ணும் இல்ல", ஒரு கிளை மிதந்து இறங்கும், அறையில் பச்சை கொஞ்சம் வடியும். வெயில் மேசைக் காலைத் தொட்டது. மேசை மேல் ஏறியது. கத்தரிக்கோலைத் தாண்டி, துணிக் குவியலைத் தாண்டி, எதிர்ச் சுவருக்குப் போனது. காற்றில் பஞ்சுத் தூசு நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இதையா மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தேன்? சுவர் பச்சைச் சுவர் என்றே நினைத்திருந்தேன். அது வெளிர் மஞ்சள். நாங்கள்தான் அந்தப் பெயின்டைத் தேர்ந்தெடுத்தோம், அதைக்கூட மறந்திருக்கிறேன். யாருடைய அறைக்குள்ளோ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆளுயரக் கண்ணாடியில் ஒரு பெண் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போய்விடுவாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குள் ஒரு பைத்தியக்கார ஆசை, அடுத்த கிளை அறுபடாமல் ரம்பம் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று. எதுவும் சிக்கவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்திருந்த கிளையும் போய்விட்டது. வெளிச்சம் நூல்கண்டுப் பலகையில் போய் மோதியது.

ஐயோ, அந்தப் பலகை! ஒவ்வொரு கண்டும் தன் நிறத்தைச் சொல்லிக்கொண்டு நின்றது. கறுப்பு கறுப்பாக, கருநீலம் கருநீலமாக. கறுப்புக்குப் பக்கத்திலேயே, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, அரக்கு உட்கார்ந்திருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. சன்னலுக்கு ஓடினேன்.

"ஏங்க! கறுப்பு தனியா தெரியுது, அரக்கு தனியா தெரியுது! நான் என்ன சொன்னேன்? மரம்தானே? கூடம் கோணல்னீங்களே, கோணலா இல்லையா?"

"ஊசியக் கோரு" என்றார் வெளியிலிருந்து.

"கோக்கறேன், பாருங்க. அங்கயே நில்லுங்க, உள்ள வராதீங்க. கிட்ட நின்னா கை நடுங்கும்."

திரும்பி வந்து உட்கார்ந்து ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஊசியின் கூர் மின்னியது. காதைப் பார்த்தேன். காது இல்லை. ஊசியின் மேல்முனை கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ஊசியைக் கிட்டே கொண்டுவந்தேன், தள்ளிப் பிடித்தேன். வெளிச்சம் என்றால் அப்படியொரு வெளிச்சம், விரல் ரேகையை எண்ணலாம். ஆனால் எந்த இடத்தைப் பார்க்கிறேனோ அந்த இடம் மட்டும் காணாமல் போகிறது.

தோற்றுப்போய் முகத்தை நூல்கண்டுப் பலகைப் பக்கம் திருப்பினேன். அப்போது கடைக்கண்ணில் ஊசி தெரிந்தது. காதோடு தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் மறைகிறது, திரும்பாவிட்டால் நிற்கிறது. முகத்தைத் திருப்பாமலே, சுவரைப் பார்த்துக்கொண்டே, ஓரக்கண்ணில் தெரிந்த அந்தத் துளைக்குள் நூலை விட்டேன். போய்விட்டது. திருட்டுத்தனம்தான். ஆனால் கோத்தது என் கைதானே?

"கோத்துட்டேன்!"

அவர் உள்ளே ஓடி வந்தார். ஊசியை வாங்கி, நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். பிறகு என் தலையைப் பிடித்து ஆட்டினார். கல்யாணமான புதிதில் செய்வது அது. "பாவி, என்னை எப்படிப் பயமுறுத்திட்ட! நான் என்னென்னவோ நெனச்சிட்டேன்டி" என்றார். குரல் இடறியது. வெளியே ஓடி, மரக்காரரின் மனைவியிடம், "அவ்வளவும் மரம்தாம்மா! கண்ணுக்கு ஒண்ணுமில்ல!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் கோத்த ஊசியை ஊசிமெத்தையில் குத்தினேன். முதல் தடவை குறி தவறியது.

ஜெயித்தாயிற்று. இனி யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சந்தோஷம் எனக்கு வரவில்லை.

ஒரே ஒரு கிளைதான் பாக்கி. அது கொஞ்சம் உயரத்திலிருந்து புறப்பட்டு, கூரை ஓரம் வரை நீண்டிருந்தது. அதற்கு ஏணி போதாது. மேலே ஏறி, இடுப்புப் பெல்ட்டைத் தண்டோடு சேர்த்து மாட்டிக்கொண்டு, வெளியே சாய்ந்து வெட்ட வேண்டும். தண்ணீர் குடிக்க இறங்கிய மரக்காரர் பெல்ட்டை எடுத்தபோது அவர் மனைவி அதைப் பிடுங்கிப் பார்த்தாள். பெல்ட்டின் பட்டை கொக்கியோடு சேருகிற இடத்தில் தையல் விட்டுப்போய் நூல் தொங்கியது.

"இத வச்சுக்கிட்டா ஏறப் போற?" என்று அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.

"அட, இதுக்கு எதுக்கும்மா கவலை?" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷனைப் பிடிக்கவே முடியாது. "பெரிய தையற்காரி வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு! ஸ்கூல் பை, கேன்வாஸ், எல்லாம் தைக்கிறவ. இப்பதான் வெளிச்சமும் வந்தாச்சே. அவ தச்சா யானையக் கட்டி இழுத்தாலும் பிரியாது."

மரக்காரரின் மனைவி பெல்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தலையெல்லாம் மரத்தூள். "தச்சுத் தர்றீங்களாக்கா?" என்றாள். முடியாது என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைத்தான் அறுத்துக் கீழே போட்டாகிவிட்டதே.

கனத்த ஊசியை மாட்டினேன். பை தைக்கிற நூலை அதே ஓரக்கண்ணால் கோத்தேன். பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். போகும்போது ஒரு வரி, வரும்போது ஒரு வரி, குறுக்கே ஒன்று. கைக்குப் பழகின வேலை, கை பாட்டுக்குப் போனது. மெஷின் சத்தத்துக்கு அந்தப் புது வெயில் மேசை மேல் அதிர்ந்தது. முடித்து, நூலை அறுத்து, பட்டையைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன். அந்த அறைக்கு அவ்வளவு வெளிச்சம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

தையல் தொடங்குகிற இடம் தெரிந்தது. முடிகிற இடம் தெரிந்தது. நடுவில் தெரியவில்லை. கண்ணை நகர்த்தினேன், தெரியாத இடமும் கூடவே நகர்ந்தது. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். கோடு மாதிரி ஏதோ இருந்தது. ஊசி கோக்க அது போதும், இதற்குப் போதாது. நகத்தால் வருடினேன். மெல்லிய துணியாக இருந்தால் விரல் சொல்லிவிடும். பட்டையோ எருமைத் தோல் கனம், விரலுக்கு ஒன்றும் எட்டவில்லை. சரியாகவும் இருக்கலாம், தையல் விட்டும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. இதில் ஓர் ஆள் தொங்க வேண்டும்.

"ஆச்சா?" என்று மரக்காரர் வெளியிலிருந்து கேட்டார்.

"ஆச்சு, ஆச்சு. அக்கா குடுத்துட்டாங்க" என்று பதில் சொல்லிக்கொண்டே அவள் கையை நீட்டினாள். அவள் பட்டையைப் பார்க்கவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. "ஏன்க்கா?"

"எனக்குத் தெரியல."

"என்ன தெரியல?"

"தையல் தெரியல. சரியா விழுந்திருக்கா இல்லையான்னு தெரியல. நேராப் பார்த்தா நடுவுல ஒண்ணுமே தெரியல. வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு." பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "மரம் இல்லம்மா. என் கண்ணுதான்."

சொன்னது என் வாய்தானா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் பட்டையை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு சன்னலோரம் போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள்.

"நடுவுல கொஞ்சம் விட்டுப்போயிருக்குக்கா" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரல். பட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற போக்கில் என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் கையிலிருந்த மரத்தூள் என் புடவையில் ஒட்டிக்கொண்டது.

"சாமானெல்லாம் வண்டியில ஏத்து. இன்னைக்கு இவ்வளவுதான்" என்று வெளியே அவள் சொல்வது கேட்டது.

"ஒரு கிளைதானே பாக்கி?"

"ஏத்துன்னா ஏத்து."

ஏணி மடங்குகிற சத்தம் கேட்டது. நான் மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் அழுகை இல்லை, வாய்விட்டு அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு விட்ட மூச்சு அது. பயம் போகவில்லை. தனியாகப் பயப்படுவது மட்டும் போயிற்று.

தலையைத் தூக்கியபோது என் வீட்டுக்காரர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். எப்போது உள்ளே வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியாது. அவர் மேல் வெயில் முழுசாக விழுந்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றும் தெரிந்தது. நான் தைத்த காலர் தெரிந்தது. காதுகள் தெரிந்தன, காதோரத்து நரை தெரிந்தது.

"ஊசி கோத்தியே" என்றார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு ஓரக்கண்ணால கோத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லிட்டா உண்மையாயிடும்னு இருந்துட்டேன்."

அவர் பழமொழி சொல்லவில்லை, நாளைக்கு டாக்டர் என்று சொல்லவில்லை. நானே சொன்னேன், "நாளைக்குப் போலாம். காலையிலேயே போலாம்." அதற்கும் பதில் வரவில்லை. முறைக்கிறாரா, இல்லை சிரிக்கிறாரா? நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்படிப் பார்க்கற?" என்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"ஏன்?"

"நேரா நின்னா உங்க மூஞ்சி தெரியல" என்றேன். இத்தனை நாள் அதையும் நிழல் என்றே வைத்திருந்தேன். "அந்தப் பக்கமா போங்க. சன்னல் பக்கம்."

அவர் ஓர் அடி நகர்ந்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

நகர்ந்தார். நான் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணின் ஓரத்தில், அந்த வெளிச்சத்தில், அவர் முகம் மெல்ல வந்து சேர்ந்தது. அப்போதுதான் தெரிந்தது, அவர் இவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.